தொலோன் ஏற்றத்தில் நின்ற லாரி

என் மாமனார் தோரோன்பெக் ஜனவரியில் இறந்துபோனார். எங்கள் அத்-பாஷி மலைப் பக்கத்தில் சாவதற்கு அதைவிட மோசமான மாதம் கிடையாது. மண் கல்லாகக் கிடக்கும். குழி தோண்டப் போகிறவர்கள் முதலில் பழைய டயர்களைக் கொளுத்தித் தரையை இளக்கியாக வேண்டும். அதைக்கூட ஊர் ஆண்கள் பார்த்துக்கொண்டார்கள். எங்களைத் தவிக்க வைத்தது வேறு. எங்கள் வழக்கப்படி அடக்கம் வரை அவரைக் கிடத்துவதற்குக் கூடாரம் இல்லை.

எங்கள் வீட்டுக் கம்பளிக் கூடாரம் போன கோடையில் மேய்ச்சல் மேட்டில் காற்றுக்குச் சரிந்து, கூரையைத் தாங்கும் உச்சி வளையம் இரண்டாகப் பிளந்துவிட்டது. அண்டை வீட்டுக் கூடாரம் அடுத்த கிராமத்தில் இன்னொரு சாவுக்குப் போயிருந்தது. மாமனார் கூடாரத்தில் பிறந்தவர். ஓட்டு வீட்டுக்குள்ளிருந்து அவரைத் தூக்கிக்கொண்டு போவதை நினைக்கவே எங்களுக்கு மனம் கூசியது. என் கணவர் சாகின் வீட்டுக்கும் தொழுவத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தார். ஒரு வேலையும் ஓடவில்லை. கடைசியில் கோச்கோரில் இருக்கும் அக்கா புருலுக்குப் போன் போட்டு, "அக்கா, அப்பா போயிட்டாரு. வரும்போது எப்படியாவது ஒரு கூடாரம் கொண்டா" என்று சொல்லிவிட்டு, அவள் அழுவதைக் கேட்கத் தெம்பில்லாமல் வைத்துவிட்டார்.

வழியில் நடந்ததை எனக்குப் பிற்பாடு புருல் அண்ணியே சொன்னாள். சிலதை முகாஷ் சொன்னார். இருவரும் சொன்னது எல்லா இடத்திலும் ஒத்துப்போகாது. எனக்கு நம்பத் தோன்றியதை வைத்துச் சொல்கிறேன்.

அண்ணி கோச்கோரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல்காரி. கோடையில் சுற்றுலாக்காரர்களுக்குக் கூடாரம் போட்டு வாடகைக்கு விடும் பெண்ணொருத்தி அவளுக்குப் பழக்கம். அவள் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டாள். லாரிதான் கிடைக்கவில்லை. இந்தக் குளிரில் தொலோன் கணவாயா என்று ஒவ்வொருவரும் ஒரு சாக்குச் சொன்னார்கள். ஒருவனுக்கு பேட்டரி சரியில்லை, இன்னொருவனுக்கு இடுப்பு சரியில்லை. அலைந்து ஓய்ந்து அந்தப் பெண்ணின் வீட்டுக்குத் திரும்பி வந்தால், வாசலில் நீல நிறக் கமாஸ் லாரி உறுமிக்கொண்டிருக்கிறது. முகாஷ் கம்பளிச் சுருள்களைத் தோளில் சுமந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

முகாஷ் அண்ணியை விட்டுப் பிரிந்த கணவர். பிரிவுக்குக் காரணம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். என் மாமியார் இறந்தபோது முகாஷ் வரவில்லை. அல்மாட்டிப் பக்கம் லோடு ஓட்டிக்கொண்டிருந்தார். செய்தி போய்ச் சேர்ந்தது. ஆனாலும் ஏழாம் நாள் சோற்றுக்குத்தான் வந்து நின்றார். மாமியார் சாவுக்கு அழ வராத மருமகனை எந்த வீடு வைத்துக்கொள்ளும்? அந்த வாரமே அண்ணி அவருடைய துணிமணியை மூட்டை கட்டி வெளியே வைத்தாள். அதுவரை 'நீங்க' என்று கூப்பிட்டவள், அன்றிலிருந்து 'நீ' என்றாள். அவர் பேச்சை எடுத்தாலே சாகின் எழுந்து வெளியே போய்விடுவார்.

"உன்னை யாரு கூப்பிட்டா?" என்று கேட்டாள் அண்ணி.

"யாரும் கூப்பிடல. லாரி வேணுமா, வேண்டாமா?"

அவள் கேபினில் ஏறி உட்கார்ந்தாள்.

அவசரம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. பீட்ரூட் கிழங்கு லோடு ஓட்டி முடித்து, இலையுதிர் காலத்திலிருந்தே அந்த லாரி சும்மா நின்றிருந்தது. டாங்கில் பாதிக்கு அப்போது போட்ட டீசல் கிடந்தது. அது குளிர் தாங்காத டீசல். அதை வடித்து ஊற்றிவிட்டுக் குளிர்காலத்து டீசலை நிரப்பியிருக்க வேண்டும். வடிக்க நேரமில்லை என்று, மேலே குளிர்காலத்து டீசலை ஊற்றிக் கலந்துகொண்டார். வழக்கமாகச் சேர்க்கும் மண்ணெண்ணெய்க் கேனை எடுக்கவும் மறந்துவிட்டார். கோச்கோர்ச் சமவெளியில் லாரி ஒழுங்காகத்தான் ஓடியது. சாரி-புலாக் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் குளிர் வேறு மாதிரி ஆனது. கண்ணாடியின் உள்பக்கம் மூச்சுக்காற்று வெள்ளையாகப் படிந்தது. அண்ணி விரல் நகத்தால் சுரண்டிச் சுரண்டி ஒரு துளை உண்டாக்கி, அதன் வழியே சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வேகமாகப் போ என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, இவ்வளவு வேகம் வேண்டாம் என்றாள். கையுறையைக் கழற்றினாள், மாட்டினாள். ஹீட்டரைக் கூட்டினாள், குறைத்தாள்.

"அதை உடைச்சிடாத. இருக்கறது அது ஒண்ணுதான்" என்றார் முகாஷ்.

"எங்கப்பா அங்க கிடக்காரு. உனக்கு ஹீட்டர் கவலை."

ஆக்ஸிலேட்டரை மிதித்த முகாஷின் கால் அதன்பின் அசையவில்லை. ஆனால் லாரியின் வேகம் குறைந்துகொண்டே வந்தது. மிதிக்க மிதிக்க இழுக்கவில்லை. எஞ்சின் இருமியது. பின்னால் வெள்ளைப் புகை வந்தது. கணவாயின் உச்சிக்கு இன்னும் பல வளைவுகள் இருக்கும்போது, ஒரு திருப்பத்தில் முக்கி முனகி நின்றுவிட்டது. எஞ்சின் சத்தம் நின்றதும் காற்றின் சத்தம் கேட்டதே, அதுதான் தன்னை முதலில் பயமுறுத்தியது என்றாள் அண்ணி.

முகாஷ் இறங்கிப் போய் டாங்கின் மூடியைத் திறந்து, ஒரு கம்பியை உள்ளே விட்டு எடுத்தார். கம்பியில் டீசல் வழியவில்லை. ஆறிப்போன ஆட்டுக்கொழுப்பைப் போல வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்தது. டீசலில் இருக்கும் மெழுகு உறைந்து, குழாயையும் ஃபில்டரையும் அடைத்துவிட்டது.

கமாஸில் எஞ்சினைத் தொட வேண்டுமென்றால் கேபினையே முன்னால் கவிழ்க்க வேண்டும். அதாவது உள்ளே உட்கார்ந்து குளிர்காய இடமில்லை. ரொட்டி, தேநீர்க் குடுவை, போர்வை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அண்ணி சாலையில் நின்றாள். நின்றாள் என்பது சரியில்லை, நடந்தாள். லாரியின் முன்பக்கமிருந்து பின்பக்கத்துக்கும், பின்பக்கமிருந்து முன்பக்கத்துக்கும் நடந்துகொண்டே இருந்தாள். முகாஷிடம் ஓர் ஊதுவிளக்கு இருந்தது. பெட்ரோல் ஊற்றிக் காற்றடித்தால் நீலச் சுவாலை சீறும். அதைக் கொளுத்தி ஃபில்டரையும் குழாயையும் சூடு காட்டத் தொடங்கினார். சுவாலையைக் காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. அண்ணி போர்வையை விரித்துக் காற்றுக்கு மறைப்பாகப் பிடித்தாள். போர்வையைப் பிடித்தபடியே கால்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் ஆடாம நில்லேன்."

"ஆடலைன்னா நானும் உன் டீசல் மாதிரிதான் ஆவேன்."

அந்த நேரத்தில் கீழிருந்து ஒரு சின்னக் கார் ஏறி வந்தது. நரின் நகரத்துக்குப் போகும் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். பின்சீட்டில் மூட்டைகளுக்கு நடுவே ஓர் ஆளுக்கு இடம் பண்ணலாம் என்றார்கள். சாவுக்குப் போகிறவள் என்று தெரிந்ததும் அந்தப் பெண் இறங்கி வந்து அண்ணியின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

முகாஷ் ஊதுவிளக்கைக் கீழே வைத்தார். "போ புருல். நரின்ல இறங்கினா வேற வண்டி கிடைக்கும். சாயங்காலத்துக்குள்ள அப்பா பக்கத்துல இருப்ப. நான் இதைச் சரிபண்ணிட்டுப் பின்னால வர்றேன்."

"பின்னால வர்றேன்னு நீ சொல்லி நான் நிறையப் பாத்தாச்சு."

"இப்ப அதைப் பேசற நேரமா?"

"கூடாரம் இல்லாம நான் மட்டும் போய் எங்க உக்காந்து அழறது? அடுப்படியிலயா?"

கார்க்காரரிடம் சாகினின் போன் நம்பரைச் சொல்லி, சிக்னல் கிடைக்கும் இடத்தில் செய்தி சொல்லிவிடச் சொன்னாள். கார் வளைவில் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். போயிருக்கலாமோ என்று அந்த நிமிடமே தோன்றியதாம். அதை முகாஷிடம் காட்டிக்கொள்ளவில்லை.

குழாய் இளகியது. டீசல் கைப்பம்பை அடித்து அடித்துக் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றி, கேபினை இறக்கிச் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்தது. அண்ணி அந்தப் பயணத்தில் முதல் தடவையாக அழுதாள். ஆனால் அந்த ஓட்டம் சில வளைவுகளோடு சரி. குழாயில் இருந்ததுதான் இளகியது. டாங்கில் இருந்தது அப்படியே கொழுப்பாகக் கிடந்தது. லாரி மறுபடி இருமி, மறுபடி நின்றது. ஊதுவிளக்கில் பெட்ரோலும் தீர்ந்துவிட்டது. காற்று வலுத்துப் பனித்தூளை வாரி அடித்தது. அடிவாரத்தில் தடுப்பைப் போட்டுப் பாதையை மூடியிருப்பார்கள் போல. அதற்குப் பிறகு மேலே ஒரு வண்டியும் வரவில்லை.

இனி டாங்கையே சூடாக்க வேண்டும். அதற்கு நெருப்பு வேண்டும். அதிலும் தணல் வேண்டும். தொலோனில் மரம் எங்கே இருக்கிறது? வெறும் பனிச்சரிவு. முகாஷ் ஸ்டெப்னிக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டையை உடைத்தார், லாரியில் கிடந்த ஒரு பழப்பெட்டியை உடைத்தார். பழைய இரும்புத் தகடொன்றின் மேல் அவற்றை எரித்துத் தணலாக்கி, டாங்கின் அடியில் தள்ளினார். தணல் சீக்கிரம் சாம்பலானது. டாங்கின் அடிப்பக்கம் வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை. டயரைக் கொளுத்தினால் என்ன என்று அண்ணி கேட்டாள். டயரின் சுவாலை சொன்ன பேச்சைக் கேட்காது, டாங்கோடு சேர்த்து நம்மையும் கொண்டு போய்விடும் என்றார் அவர்.

இருவரும் ஒரே நேரத்தில் லாரியின் பின்பக்கத்தைப் பார்த்தார்கள். முகாஷ் உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டார். அண்ணி திருப்பவில்லை. பக்கச் சட்டத்தில் கால் வைத்து ஏறி, கம்பளிகளுக்கு அடியில் கட்டாகக் கிடந்த கூரைக் கழிகளின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். உச்சி வளையத்தையும் சுவரையும் இணைக்கிற கழிகள்; வில்லோ மரத்தில் செய்து சிவப்புச் சாயம் பூசியவை; காய்ந்து கலகலவென்று இருந்தன.

முகாஷ் ஓடிப்போய் அவள் காலைப் பிடித்தார். "வேணாம்மா. சாவுக்குக் கொண்டுபோற கூடாரம் அது. அதுவும் இரவல். யாராவது கேட்டா என் மூஞ்சியில துப்புவாங்க."

"கழி குறைஞ்சாலும் கூடாரம் நிக்கும். லாரி நிக்குதே, அதுதான் ஆகாது. காலை விடு."

"உங்கப்பாவுக்குப் பிடிக்காது."

"எங்கப்பா இங்க இருந்தா இந்நேரம் உன் ஸ்டியரிங்கையே பிடுங்கி எரிச்சிருப்பாரு."

முகாஷுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது உண்மைதான் என்று அவருக்குத் தெரியும். என் மாமனார் பொறுமைக்குப் பேர்போனவர் இல்லை.

முதல் கழியை அண்ணிதான் பம்பரில் சாய்த்துக் காலால் மிதித்து உடைத்தாள். அந்தச் சத்தத்துக்கு இருவருமே சற்று நின்றார்கள். பிறகு நிற்கவில்லை. எரியவிட்டு, சுவாலை அடங்கித் தணலானதும் தகட்டை டாங்கின் அடியில் தள்ளினார்கள். ஒரு கம்பளியை இறக்கி டாங்கைச் சுற்றித் திரையாகக் கட்டி, சூடு வெளியே போகாமல் காத்தார்கள். குடுவையில் மிச்சமிருந்த தேநீரைக் குடிக்காமல், குழாயின் வளைவில் சொட்டுச் சொட்டாக ஊற்றினார்கள். புகை கண்ணைக் கரித்தது. முகாஷ் தரையில் படுத்துத் தணலைக் கிளறினார். அண்ணி முழங்காலிட்டு உட்கார்ந்து கம்பளி பற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டாள். அங்கே வைத்துத்தான் அவள் கேட்டிருக்கிறாள்.

"அம்மாவுக்கு ஏன் வரல?"

முகாஷ் கிளறுவதை நிறுத்தவில்லை. "எத்தனை காரணம் சொன்னாலும் வரலைங்கறது வரலைதான்."

"காரணம் இருந்துச்சா?"

"இருந்துச்சு. சொல்ற மாதிரி இல்ல." தணலை ஒதுக்கிவிட்டு, "இன்னொரு கழி கொண்டா" என்றார்.

ஆத்திரப்பட நினைத்தேன், ஆனால் விரலில் உணர்ச்சியே இல்லாதபோது ஆத்திரப்படுவது கஷ்டம் என்றாள் அண்ணி. எழுந்து போய் இன்னொரு கழியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

டாங்கில் கம்பியை விட்டுப் பார்த்தபோது, ஒரு வழியாக அதன் நுனியில் டீசல் ஒரு சொட்டாகத் தொங்கி, விழுந்தது. குழாயும் ஃபில்டரும் இளகும்வரை தணலைத் தகட்டோடு தூக்கித் தூக்கிக் காட்டினார்கள். பேட்டரியில் இருந்த உயிர் ஒரே ஒரு தடவைக்குத்தான் போதும் என்று முகாஷ் சொன்னார். சாவியைத் திருப்பும்போது அண்ணி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எஞ்சின் இழுத்து இழுத்து, ஒரு கட்டத்தில் இனி இல்லை என்று தோன்றும்போது, படபடவென்று வெடித்து ஓடத் தொடங்கியது.

இனி எங்கேயும் இதை அணைக்கக் கூடாது என்றார் முகாஷ். ஓடிக்கொண்டிருந்தால், எஞ்சினிலிருந்து திரும்பும் சூடான டீசல் டாங்கை உறையவிடாது. அணைத்தால் முடிந்தது கதை.

நரினில்கூட நிற்காமல் வந்து சேர்ந்தபோது எங்கள் ஊரில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முற்றத்தில் அண்டா அண்டாவாகக் கறி வெந்துகொண்டிருந்தது. சாகினும் சொந்தக்கார ஆண்களும் இடுப்பில் துணியைக் கட்டி, கையில் கோலூன்றி, துக்கத்துக்கு வருகிறவர்களை எதிர்கொள்ள வாசலில் வரிசையாக நின்றிருந்தார்கள். அண்ணி லாரியிலிருந்து குதித்ததுமே ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் கரி. முன்மயிர் பொசுங்கியிருந்தது. பெண்கள் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டோம்.

முகாஷ் வரிசையின் பக்கம் வரவில்லை. பின்கதவைத் திறந்து கூடாரத்தை இறக்கிக் கொடுத்தார். ஆண்கள் மளமளவென்று பின்னல் சுவரை விரித்தார்கள், உச்சி வளையத்தைத் தூக்கினார்கள், கழிகளைச் செருகினார்கள். ஒரு பக்கத்தில் கழி போதவில்லை. மேற்பார்வை பார்த்த பெரியவர் ஒருவர் கூரையை அண்ணாந்து பார்த்தார், தரையில் தேடினார், பிறகு சத்தமாக, "மீதிக் கழி எங்கப்பா?" என்று கேட்டார்.

அழுதுகொண்டிருந்த அண்ணி நிறுத்தினாள். "எரிச்சிட்டேன் பெரியப்பா" என்றாள். மறுபடி விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினாள். பெரியவர் இருக்கிற கழிகளைத் தள்ளித் தள்ளி வைக்கச் சொன்னார். கூடாரம் ஒரு தோளைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. ஆனால் நின்றது. மாமனாரை உள்ளே கொண்டுவந்து கிடத்தித் திரை கட்டினார்கள். நாங்கள் பெண்கள் சுற்றி உட்கார்ந்தோம்.

பிரச்சினை என்னவென்றால், லாரி ஓடிக்கொண்டே இருந்தது. வாசலுக்கு நேரே அந்த எஞ்சின் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அண்ணி தன் அப்பாவைப் பற்றிப் பாடி அழுகிறாள்; பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே பாதிதான் கேட்டது. வெளியே நின்றவர்களுக்கு ஒரு சொல்லும் கேட்டிருக்காது. நான் கதவுத் திரையை விலக்கிப் பார்த்தேன். சாகின் கோலை ஊன்றிக்கொண்டு லாரியின் பக்கம் போனார். அவர்கள் இருவரும் பேசி வருடக்கணக்காகிறது.

"அதை அணைங்க" என்றார் சாகின்.

"அணைச்சா மறுபடி கிளம்பாது மச்சான். நான் இப்படியே நரின் போயிடறேன். அங்க தெரிஞ்சவன்கிட்ட சூடான கொட்டகை இருக்கு. விடிஞ்சதும் அடக்கத்துக்கு வந்துடுவேன்."

"வந்துடுவீங்க."

அவ்வளவுதான் சொன்னார் சாகின். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திரும்பி வந்து தன் இடத்தில் நின்றுகொண்டார்.

முகாஷ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரிந்தது. லாரி ஒருமுறை பின்னோக்கி நகர்ந்தது. போகிறார் என்று நினைத்தேன். அண்ணியும் நினைத்திருக்க வேண்டும். அவள் குரல் ஒரு கணம் தடுமாறியது. லாரி வாசலைவிட்டு விலகி வேலி ஓரமாகப் போய் நின்றது. பிறகு எஞ்சின் சத்தம் இல்லை. அண்ணியும் பாட்டை நிறுத்தியிருந்தாள்.

அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. அடுப்பில் விறகு வெடிப்பதுகூடக் கேட்டது. அந்த அமைதிக்குள் ஓர் ஆணின் அழுகை தொடங்கி, வேலிப் பக்கமிருந்து நெருங்கி வந்தது. முகாஷ் இடுப்பை வளைத்து, இரண்டு கைகளையும் விலாவில் வைத்துக்கொண்டு, "அப்பா, என் அப்பா" என்று உரக்கக் கதறியபடி நடந்து வந்தார். மாமியார் பெயரையும் சொன்னார். சொல்ல முடியாத காரணம் என்று அண்ணியிடம் சொன்னாரே, அது அந்த அழுகையில்தான் இருந்தது என்று எனக்குப் பட்டது. இப்படி அழத் தனக்குத் தைரியம் வராது என்று அன்றைக்கு ஒதுங்கியிருக்கலாம். எனக்குத் தெரியாது.

இப்படி அழுது வருகிறவரை, வரிசையில் நிற்பவர்கள் கட்டிப்பிடித்துக்கொள்வது வழக்கம். சாகின் கட்டிப்பிடிக்கவில்லை. ஆனால் பக்கத்தில் நின்றவரை முழங்கையால் இடித்து நகரச் சொன்னார். வரிசையில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் வந்தது. முகாஷ் அங்கே போய் நின்றார். உள்ளே அண்ணி அப்போதுதான் உண்மையாகக் குரலெடுத்தாள்.

மறுநாள் அடக்கம் முடிந்தது. லாரியை எந்தச் சூட்டாலும் எழுப்ப முடியவில்லை. டிராக்டர் கட்டி இழுத்துப் பார்த்தார்கள்; சக்கரம் உருளாமல் பனியில் உழுதுகொண்டு போனதுதான் மிச்சம். நரினிலிருந்து பேட்டரி வரவழைத்தார்கள், அதுவும் பலிக்கவில்லை. ஏழாம் நாள் முடிந்து அண்ணி பள்ளிக்கூட வேலைக்குத் திரும்பிப் போனாள். முகாஷ் எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்டார். ஓரிடத்தில் இருக்கத் தெரியாத மனிதர். முதல் சில நாள் வேலிக்கும் லாரிக்குமாக நடந்து எங்களுக்கு எரிச்சலூட்டினார். பிறகு தொழுவத்தைக் கழுவினார், மாட்டுக்கு வைக்கோல் போட்டார், மாமனாருடைய கோடரிக்குப் புதுப்பிடி போட்டார். சாகின் அவரிடம் வேலையைப் பற்றி மட்டும் பேசினார். அதற்கப்புறம் வானிலையைப் பற்றியும் பேசினார். ஒரு நாள் இரண்டு பேரும் கூடாரக்காரிக்குக் கொடுக்க வில்லோக் கிளைகளை வெட்டி வந்து, நெருப்பில் வாட்டி வளைத்துக்கொண்டிருந்தார்கள். யார் வளைத்தது கோணல் என்று அன்றைக்கெல்லாம் சண்டை.

நாற்பதாம் நாளுக்கு அண்ணி வந்தபோது அவருக்கும் ஒரு தட்டில் கறி வைத்து, "சாப்பிடுங்க" என்றாள். அவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். அவள் அடுத்த ஆளுக்குப் பரிமாறப் போய்விட்டாள்.

மார்ச் கடைசியில் வெயில் ஏறி லாரி கிளம்பியது. அண்ணி மறுபடி சேர்ந்து வாழப் போகிறாளா என்று ஊரில் எல்லோரும் என்னிடம்தான் கேட்கிறார்கள். நானும் போனில் கேட்டேன். "வீட்டுக்கு வர்றாரு, டீ குடிக்கறாரு, போறாரு" என்றாள். பிறகு, "முன்னெல்லாம் போறேன்னு சொல்லாமப் போவாரு. இப்போ எப்போ வருவேன்னு சொல்லிட்டுப் போறாரு" என்றாள். வருகிறாரா என்று கேட்டேன். இதுவரைக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறார் என்றாள்.